பத்து மணி டீ பெல் இல்லாத கிராப்

நான் படித்தது எட்டாவது வரைக்கும். அந்த எட்டாவதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் எல்லாம் எம்.எஸ்சி., எம்.எஸ்.டபிள்யூ. என்று படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் மனநல ஆராய்ச்சி சென்டரில் என்னைத்தான் கேட்டார்கள், வேறு யாரையும் கேட்கவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஷாப்பில் பதினோரு வருஷம். பிறகு நம் சென்டர் வண்டிக்கு டிரைவராக நாலு வருஷம். டிரைவர் ஒருவனை டாக்டர்களே கூப்பிட்டு வீடு வீடாகப் போகிற களப்பணியாளராக ஆக்கினார்கள் என்றால் சும்மா இல்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றுக்கும் நடுவே நான் மிதிக்காத தெரு கிடையாது. பட்டம் வாங்கினவர்கள் ஐந்து தடவை போயும் திறக்காத கதவு எனக்கு முதல் தடவையே திறக்கும். மனநோய் உள்ள வீடு என்றால் அக்கம்பக்கத்துக்குப் பயந்து வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். என்னை உள்ளே உட்கார வைத்து இட்லி போடுவார்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதனால் ஒருத்தனுடைய வேலை போகப் பார்த்தது. ஆறேழு வருஷம் இருக்கும். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் சொந்த வீடு. அம்மா, மகள் கலா, மகன் செல்வம். அப்பா இல்லை. செல்வத்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பைபோலார் என்கிறோமே, அது. ஒரு காலத்தில் மூன்று நாள் தூங்காமல் பாடிக்கொண்டு திரிவான், இன்னொரு காலத்தில் மூன்று வாரம் எழுந்திருக்க மாட்டான். மாத்திரை ஆரம்பித்த பிறகு அடங்கியிருந்தது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் என்கிற இரும்பு கடையும் மெஷினை ஓட்டுகிறவன். இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்திருந்தான். மெஷினில் நிற்கத் தகுதி என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் நிரந்தரம் செய்வோம், இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

நம் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தூக்கம், விழிப்பு, பசி எல்லாம் அது சொல்கிற நேரத்துக்குத்தான். மனநோயோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களில் சிலது அந்தக் கடிகாரத்தை ஓட்டுவதிலும் கை வைக்கிறது. அப்படியென்றால் ஒரே குடும்பத்தில் நோய் வந்தவருக்கும் வராதவருக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பதினாலு நாள் கையில் பட்டை கட்டுகிறோம். மணி காட்டாத வாட்ச் என்று ஜனங்கள் சொல்வார்கள். கை அசைந்தால் அது எழுதிக்கொள்ளும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் வருகிற வரைபடம்தான் கிராப். அதில் ஒரு நாளுக்கு ஒரு வரி. அசைவு கறுப்பு, தூக்கம் வெள்ளை.

பெரிய டாக்டர் இதை ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதை நான் ஒரே வரியில் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை. செல்வம் வீட்டில் அதைத்தான் சொன்னேன். "ஒரே ரத்தம், ஒரே கடிகாரம். அம்மா, அக்கா, நீ, மூணு பேருக்கும் உள்ள ஓடறது ஒண்ணுதான் நைனா." அந்த அம்மா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை நாள் மகன் கெட்ட சகவாசத்தால் இப்படி ஆனான் என்று நினைத்திருந்தாராம். எனக்குத் தலை கனத்துப் போனது. செல்வத்தை மட்டும்தான் அப்போது ஆராய்ச்சியில் சேர்த்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் கையில் பட்டையைக் கட்டிவிட்டு வந்தேன்.

பதினாலு நாள் முடிந்து, திங்கட்கிழமை போனபோது செல்வம் வேலைக்குப் போயிருந்தான். பட்டை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தார். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நோயாளியின் கையிலிருந்து நீங்களே கழற்றினீர்களா? ஆம் என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுவேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கிராப் வந்தது. முதல் ராத்திரி மட்டும் ஒழுங்கு, பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழுந்த தூக்கம். அதற்குப் பிறகு செங்கல் சரிந்த சுவர் மாதிரி இருந்தது. ஒரு நாள் பன்னிரண்டுக்குத் தூக்கம், மறுநாள் இரண்டு, மறுநாள் மூன்றரை. ஒரு நாள் மூன்றே மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் வெள்ளை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: மறுபடியும் ஏறிக்கொண்டு வருகிறது. தூக்கம் குறைவதுதான் அந்த நோய் திரும்புகிறது என்பதற்கு முதல் அடையாளம் என்று உங்களுக்கும் பாடம் நடத்தியிருப்பார்கள்.

ஆராய்ச்சிக் கிராப்பை வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆராய்ச்சிக் குழுவில் இருந்த இளைய டாக்டரம்மாதான் செல்வத்துக்கு வைத்தியமும் பார்த்தார். அந்த மாதிரி ஒரு படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எந்த மனுஷியால் பார்க்காத மாதிரி இருக்க முடியும்?

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடிதம் வாங்க செல்வம் வந்தான், அக்காவோடு. கலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் நோயாளியிடம் தனியாகப் பேசுவது வழக்கம். நான் ஃபைலோடு கதவோரமாக நின்றேன்.

டாக்டரம்மா தன்மையாகத்தான் ஆரம்பித்தார். தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றான். தூங்காமல் உற்சாகமாக இருக்கிற மாதிரி ஏதாவது? இல்லை என்றான். அவர் குறித்துக்கொண்டார். நோய் ஏறுகிற நேரத்தில் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். நன்றாக இருக்கிறேன், இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை என்பார்கள். அவர் மாத்திரையைக் கூட்டப் போவதாகச் சொன்னார். மூன்று மாதம் மெஷின் பக்கம் போக வேண்டாம், அப்படித்தான் கடிதம் எழுதப் போகிறேன் என்றார்.

செல்வத்தின் முகம் மாறியது. "மேடம், மாத்திர ஏத்துனா கை நடுங்கும். போன தபா நடுங்கிச்சு. கை நடுங்கறவன லேத்துல வுடுவானா? மூணு மாசம்னு எழுதுனா அன்னிக்கே கேட்ட சாத்திடுவான்."

"உங்க நல்லதுக்குத்தான் செல்வம்."

"நான் தூங்கறேன் மேடம். சத்தியமா தூங்கறேன். எங்க அம்மாவ கேளுங்க. இன்னாத்துக்கு நம்ப மாட்டேன்றீங்க?" குரல் உயர்ந்துவிட்டது. மேஜையைக் கையால் தட்டிவிட்டான்.

டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அவனுக்கு எந்த வழியும் இல்லை. தூங்குகிறேன் என்றால் நோய், கோபப்பட்டால் நோய், அழுதால் அதுவும் நோய். உங்களில் யாராவது இப்படி ஒரு அறையில் ஒரு நாள் நிற்கப் போகிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிராப் மேஜையில் எனக்குத் தலைகீழாக இருந்தது. எல்லோரும் ராத்திரிப் பக்கத்தையே பார்த்திருந்தார்கள். தூக்கத்தை ஆராய்கிறவர்கள் தூக்கத்தைத்தானே பார்ப்பார்கள். நான் தலைகீழாகப் பார்த்ததால் கண்ணில் பட்டது பகல். அதில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று உடனே பிடிபடவில்லை.

மெஷினில் நிற்கிறவன் கை எப்படி ஓடும் என்று நம் சென்டரில் என்னைவிடத் தெரிந்தவன் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் இரும்புத் துண்டை மாட்டு, சக்கரத்தைத் திருப்பு, கழற்று, மறுபடி மாட்டு என்று கட்டி கட்டியாகக் கறுப்பு விழ வேண்டும். பத்து மணிக்கு டீ பெல் அடிக்கும். பத்து நிமிஷம் கை சும்மா இருக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இந்தக் கிராப்பில் முதல் நாள் பகல் வெறுமையாக இருந்தது; மற்ற நாளெல்லாம் பகல் முழுக்க மெல்லிசாகப் புல் முளைத்த மாதிரி ஒரே கோடு. பத்து மணி ஓட்டை ஒரு நாளில்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டு தட்டுகிற கை அது.

செல்வத்தின் கையைப் பார்த்தேன். பதினாலு நாள் பட்டை கட்டினால் மணிக்கட்டில் வெளுத்த தடம் விழும். அவன் கை விரலிலிருந்து முழங்கை வரை ஒரே கறுப்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் ஷாப்பில் வாட்ச் கட்டக் கூடாது. மோதிரம் கூடாது, சாமி கயிறுகூடக் கூடாது. சுற்றுகிற மெஷினில் மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும். பதினோரு வருஷம் அந்த வேலையில் இருந்தவன், லேத் ஓட்டுகிறவன் கையில் பட்டையைக் கட்டிவிட்டுத் தலை கனத்து வந்திருக்கிறேன். முதல் ஷிப்டிலேயே கழற்றச் சொல்லியிருப்பார்கள்.

உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. நோயாளியின் கையிலிருந்து நானே கழற்றினேன் என்று என் கையெழுத்து அந்த ஃபைலுக்குள், என் கையிலேயே இருந்தது. இதைச் சொன்னால் அதுவும் வெளியே வரும். ஒன்று வந்தால் மற்ற வீடுகளின் டிக்கும் வரும். எட்டாவது படித்தவனை எதற்கு இந்த வேலையில் வைத்தீர்கள் என்று கேட்கக் காத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இருந்தார்கள். டாக்டரம்மா கடிதத்தாளை எடுத்தார். தேதி போட்டார். கம்பெனி பெயர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "மேற்படி நபர்" என்று ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றேன். "செல்வம், பட்டைய எத்தினி நாள் கட்டிகினு இருந்த?"

அவன் மாட்டிக்கொண்ட திருடனைப் போல் என்னைப் பார்த்தான். "ஒரு நாள்தான் அண்ணாத்தே. மறுநாள் கேட்லயே கயட்ட சொல்ட்டான். கூட வேல செய்றவன்லாம் இன்னாடா இதுன்னு கேக்கறான். எதுனா ஒண்ணு சொல்லி சமாளிச்சேன்."

"அப்பறம்?"

"ஊட்டுக்கு வந்து சொன்னேன். ஒரே ரத்தம் ஒரே கடிகாரம்னு நீங்கதான சொன்னீங்க. யாரு கட்டுனாலும் ஒண்ணுதானேன்னு எங்கம்மா அக்கா கையில கட்டிச்சு. அக்காதான் எங்க ஊட்லயே ஒயுங்கு. அது கட்டுனா நல்லா வரும்னு."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பிரித்து அந்தப் படிவத்தை எடுத்து, என் கையெழுத்து இருக்கிற பக்கத்தை மேலே வைத்தேன். "இது நான் பொய்யா போட்டது மேடம்" என்றேன். அவர் அதைப் படித்தார். கிராப்பை மறுபடியும் பார்த்தார். அப்போது நானும் பார்த்தேன். முதல் ராத்திரி மட்டும் ஏன் ஒழுங்கு என்று இப்போது புரிந்தது. அது ஒன்றுதான் செல்வத்தின் தூக்கம்.

கலாவை உள்ளே கூப்பிட்டார். கலாவுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும், வானகரம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் பகல் வேலை. சிரித்துக்கொண்டே வந்தார். இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம். விஷயத்தைக் கேட்டதும், "ஆமா, நான்தான் கட்டிகினேன். ஏன் மேடம், நல்லா வந்துகீதா?" என்றார்.

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்கு நிகராக எதுவும் இல்லை. அது பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை கேட்கிற கேள்வி. தம்பிக்காக அவர் எழுதிய பரீட்சை.

டாக்டரம்மா என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். கிராப்பைக் கவிழ்த்து வைத்தார். "உங்ககிட்ட கேட்டு, நீங்க சம்மதிச்சு எடுத்தது இல்லம்மா இது. அதனால இத நான் படிக்கறது தப்பு. படிச்சதும் தப்பு. அழிச்சிடுவோம். உங்களுக்கு எப்பவாவது தூக்கத்தப் பத்திக் கேக்கணும்னு தோணுச்சுன்னா எங்கிட்ட வாங்க" என்றார். பாதி எழுதின கடிதத்தை நாலாகக் கிழித்தார். செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு டாக்டர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் கலா என்னை நிறுத்தினார். தம்பி பைக் எடுக்கப் போயிருந்தான்.

"அண்ணாத்தே, கேவலமா வந்துகீதா?"

நான் அவன் பைக் எடுக்கப் போன பக்கம் பார்த்தேன்.

"அவனுக்கு நோய் ஏறிகீதுன்னு சொல்ற அளவுக்கு வந்துகீதுன்னா, அப்ப நான் இன்னா?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. ஒரே வரியில் சொல்லிவிடுவேன். போன தடவை அப்படி ஒரே வரியில் சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணம். டாக்டரம்மாவிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிவத்தைக் கிழிக்க விடவில்லை. அதன் ஓரத்திலேயே, நடந்ததை எழுதித் தேதி போடச் சொன்னார். அது மட்டுமல்ல, அந்த வருஷம் நான் கையெழுத்துப் போட்ட எல்லாப் படிவத்தையும் கொண்டுவந்து வைத்து, எதை நிஜமாகவே நான் கழற்றினேன், எதை மேஜையிலிருந்து எடுத்தேன் என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தார். நாலு நாள் ஆயிற்று. பதினேழு வீட்டுக் கிராப்பை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் நான் வெளியே போகக் கூடாது, உள்ளே உட்கார்ந்து பட்டைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று உத்தரவு. துடைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பட்டைகள் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஆனால் செல்வத்துக்குக் கடிதம் வேண்டும். கம்பெனியில் மூன்று வாரம் தவணை வாங்கினான். டாக்டரம்மா அவனை வாரம் இருமுறை வரச் சொல்லிப் பேசிப் பார்த்தார், அம்மாவையும் கேட்டார். வைத்தியத்துக்கு அதுவே போதும் என்றார். அவனோ பட்டையை மறுபடி கட்டியே ஆக வேண்டும் என்று நின்றான். தன் பேரில் ஒரு கேவலமான படம் வந்துபோனது அவனுக்குப் பொறுக்கவில்லை. கையில் கட்ட முடியாது, என்ன செய்வது என்று படித்தவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டுங்கள் என்றேன். மெஷின் ஷாப்பில் சேஃப்டி ஷூ போட்டே ஆக வேண்டும், உள்ளே சாக்ஸ் இருக்கும், அதற்குள் எந்த மெஷினும் வராது. தூக்கம் தெரிய அது போதும் என்று பெரிய டாக்டரும் ஒத்துக்கொண்டார். இன்றைக்கு உங்கள் புத்தகத்தில் "கணுக்காலில் அணிதல்" என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது என் மூளையில் வந்தது. பெயர் போடவில்லை, பரவாயில்லை.

பதினாலு நாள் கழித்து அவன் சென்டருக்கே வந்து, என் கண் முன்னால் சாக்ஸைக் கழற்றி, பட்டையை நானே அவிழ்க்கும்படி காலை நீட்டினான். கிராப்பில் வெள்ளை ஒரே நேர்கோட்டில் நின்றது. ஒரு ராத்திரி மட்டும் கொஞ்சம் கலங்கல். அன்றைக்குத் தெருவில் கல்யாணமாம். தகுதிக் கடிதம் கிடைத்தது. இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான், நிரந்தரமாக.

அந்தக் கடிதம் வாங்கிய அன்று கலாவும் வந்திருந்தார். தம்பிக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அவனை அனுப்பிவிட்டு, நான் பட்டை துடைத்துக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை.

"டாக்டரம்மாவ கேட்டேன். சில ஜீன் நோய்லயும் கை வெக்கும், கடிகாரத்துலயும் கை வெக்கும்னாங்க. கடிகாரம் தாறுமாறா ஓடுறதால நோய் வந்தே தீரும்னு இல்லன்னாங்க. ரெண்டு மணிக்குத் தூங்கறது, மூணு மணி நேரத்துல எழுந்து ஊட்ட கழுவி வுடறது, எல்லாத்தையும் எங்கம்மா சுறுசுறுப்புன்னு சொல்லிச்சு. நானும் அப்டியேதான் நெனச்சிகினு இருந்தேன்."

நான் துடைப்பதை நிறுத்தினேன்.

"நான் எப்படின்னு எனக்குத் தெரியணும். இந்த தபா என் பேர்ல கட்டுங்க."

கையை நீட்டினார். மூன்று பக்கச் சம்மதப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன். முன்பெல்லாம் அதை நான் வாயாலேயே இரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் விரல் நின்றது. முடிவில் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிற இடம் அது.

"இதுல எதுக்கு டிக் போடறது அண்ணாத்தே? தெரிஞ்சிகினா நல்லதா, தெரியாம இருந்தா நல்லதா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். பட்டையைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரம்மாவைக் கூப்பிட எழுந்து போனேன்.